ஜூனிப்பர் போன்சாய் மேசைச் செடி அல்ல

“ஜூனிப்பர் போன்சாயை மேசைமேல் வைத்து, தினமும் இலையில் தண்ணீர் தெளித்தால் போதும்” என்றொரு குறிப்பு பகிரப்பட்டு வருகிறது. இரண்டுமே தவறு.

ஜூனிப்பர் வெளியில் வளரும் ஊசியிலை மரம்; அதைத் தொட்டியில் குட்டையாக வளர்ப்பதுதான் ஜூனிப்பர் போன்சாய். தினம் 5, 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். குளிர்காலத்தில் குளிர்ச்சியான ஓய்வும் வேண்டும். அறைக்குள் இரண்டும் கிடைக்காது. ஆனாலும் பலர் நம்பக் காரணம் உண்டு: வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தட்டும்போது மரம் எப்போதோ போயிருக்கும். சந்தேகம் வந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

தெளிக்கும் நீர் வேருக்குப் போகாது. விரலை 2 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் குறையத் தொடங்கியதும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். எந்நேரமும் சொதசொதவென்றிருந்தால் வேர் அழுகும். மண்மேல் கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டி விற்கிறார்கள், அழகுக்காம்! முதலில் அதைப் பெயர்த்தெடுங்கள். நீரைச் சரியாக இறங்க விடாது.

வாங்கிய கையோடு கத்தரிப்பு, கிளையை வளைக்கக் கம்பி கட்டுதல், தொட்டி மாற்றம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். தொட்டியை வசந்தத் தொடக்கத்தில் மாற்றலாம். பழைய மண்ணை முழுக்க உதறி வேரை மொட்டையாக்கக் கூடாது. தொட்டி மாற்றிய ஆண்டு கிளைகளில் கை வைக்காதீர்கள்.