ஒரு பிளேட் சேர்த்துப் போட்டால் போதுமா?

சம்பா அறுவடை நெருங்கினால் எங்கள் திருவாரூர், மன்னார்குடி பக்கம் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று நெல் கொள்முதல் நிலையம், இன்னொன்று பிளேட் பட்டறை, அதாவது அச்சின் மேல் வண்டியின் சுமையைத் தாங்குகிற வளைந்த எஃகுப் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) பார்க்கிற இடம். "அண்ணே, பின்னாடி ரெண்டு சைடும் ஒரு பிளேட் சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் ஓடுகிற ஃபோர்வீல் டிரைவ் பிக்கப்புக்கு இப்படி பிளேட் சேர்ப்பது பெரும்பாலும் வீண் செலவு. சில வண்டிகளில் அது கெடுதலும்கூட. சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்த யோசனை லாரித் தொழிலிலிருந்து வந்தது. பத்து டன், பதினைந்து டன் ஏற்றிக்கொண்டு போகும்போதும் வரும்போதும் லோடோடு தார்ச்சாலையில் ஓடுகிற வண்டிக்கு விறைப்பான பிளேட் சரி. நம் பிக்கப் அப்படியா ஓடுகிறது? காலையில் உர மூட்டை ஏற்றும், மதியம் காலியாக வரும், மாலையில் நாலு ஆளும் ஒரு ஸ்ப்ரேயரும் போகும். அதுவும் எங்கே? வெண்ணாற்றுக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும், கார்த்திகை மழையில் ஊறிக் கிடக்கிற மண் பாதையிலும். ஃபோர்வீல் வண்டி வாங்கியதே அதற்குத்தானே.

பிளேட்டின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. ஐந்து பிளேட்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில் அதே கனத்தில், அதே நீளத்தில் இன்னொன்று சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு போலக் கூடும். ஆனால் கனத்தை மாற்றினால் கதையே வேறு. விறைப்பு கனத்தின் மும்மடியில் ஏறும். 7 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 8 மி.மீ. போட்டால், அந்த ஒரு மில்லிமீட்டருக்கே பிளேட் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். 8 போய் 10 வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "சும்மா கொஞ்சம் கனமா ஒண்ணு இருக்கு, போட்டுடறேன்" என்று பட்டறையில் சொல்லும்போது இதைத்தான் சாதாரணமாகச் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரே அளவு வளையும்போது கனமான பிளேட்டுக்குள்தான் அழுத்தம் அதிகம். கனமாக இருப்பதால் உடையாது என்று நம்பிப் போட்ட பிளேட் முதலில் உடைவது இதனால்தான்.

புதுப் பிளேட்டைப் பழைய கட்டில் நுழைப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பழையதெல்லாம் தளர்ந்து இறங்கியிருக்கும். புதிது நல்ல வளைவோடு வரும். எல்லாவற்றையும் சேர்த்து நடுவில் கோக்கிற சென்டர் போல்ட்டில் இறுக்கினால் சுமையில் பெரும்பங்கை அந்தப் புதியது ஒன்றே வாங்கிக்கொள்ளும். அது குட்டைப் பிளேட்டாக இருந்தால் அதன் நுனி முட்டுகிற இடத்தில் மெயின் பிளேட் (எல்லாவற்றிலும் நீளமானது) அடி வாங்கும். சரி, பழையதையே சம்மட்டியால் அடித்து கேம்பர், அதாவது வளைவு ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். குளிர்ந்த நிலையில் அடித்து ஏற்றிய வளைவு அதிக நாள் நிற்காது. கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் ஸ்பிரிங் எஃகுக்கு ஆலையில் கொடுத்த பதமே போய்விடும். திரும்பப் பதம் கொடுக்க முறையான உலை வேண்டும். அந்த வசதி உள்ள பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டிய இடத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. விரிசல் விட்ட பிளேட்டில் வெல்டிங் வைப்பதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

இப்போது சேற்றுக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

நம் மண் களிமண். ஈரம் ஏறினால் வழுக்கும், டயரை அப்பிக்கொள்ளும். பாதையில் டிராக்டரின் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) கிழித்த தடமும் அறுவடை மெஷினின் செயின் தடமும் இருக்கும். வரப்பைக் குறுக்கே தாண்டும்போது வலது முன் சக்கரம் மேலே ஏறும், இடது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், பின்னால் அதற்கு நேர் எதிராக நடக்கும். அந்த நேரம் நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். பிளேட் இளகி அச்சைச் சாய விட்டால்தான் அது நடக்கும். விறைத்துப்போன கட்டு சாயாது. ஒரு பின் சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலில் லாக் இல்லையென்றால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். சுற்றுகிற சக்கரம் களிமண்ணைத் தோண்டிக்கொண்டே இறங்கும். ஃபோர்வீல் போட்டும் வண்டி மாட்டிக்கொண்டது என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பின்னால் எத்தனை பிளேட் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அதிலும் காலி வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். லோடு இருந்தாலாவது கொஞ்சம் வளையும்.

"உசரம் கூடுதே, அது நல்லதில்லையா?" என்று கேட்பார்கள். கூடும், ஆனால் சேஸிஸ்தான் (வண்டியின் அடிச்சட்டம்) உயரும். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற கிரவுன் ஹவுசிங் (டிஃபரன்ஷியல் இருக்கிற கூடு) அச்சோடு இருப்பது. அச்சு சக்கரத்தோடு இருப்பது. பிளேட்டை எவ்வளவு உயர்த்தினாலும் கிரவுனுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மயிரிழைகூட மாறாது. இரண்டு தடத்துக்கு நடுவே இருக்கிற மண்மேட்டில் முதலில் உரசுவது அதுதான். அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர்தான் வழி. அதிலும் விட்டம் ஒரு அங்குலம் கூடினால் உயரம் அரை அங்குலம்தான் கிடைக்கும்.

சேஸிஸ் உயர்ந்ததற்கு வேறு விலையும் உண்டு. கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுபோகிற புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும். பிரேக் ஹோஸ் இழுபடும். முன்னாலும் பிளேட் உள்ள பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு) மாறினால் ஸ்டீயரிங் அலையும். இவற்றைவிட எனக்குப் பயம் தருவது பிரேக் வால்வு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இணைத்திருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது, காலியாக இருந்தால் குறைப்பது அதன் வேலை. நீங்கள் பிளேட் சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால் அது எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும். முழு லோடோடு வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். பிளேட் மாற்றும்போது அந்தக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும் என்று எத்தனை பட்டறையில் சொல்கிறார்கள்?

அப்படியென்றால் தளர்ந்த வண்டியை அப்படியே ஓட்டச் சொல்கிறேனா? இல்லை. முதலில் பிளேட் கட்டைக் கழற்றிப் பாருங்கள். பாதி வண்டிகளில் நோய் பிளேட்டில் இல்லை. பிளேட்டைச் சேஸிஸோடு மாட்டுகிற ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருக்கும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வெறும் குழாயாக நிற்கும், பிளேட்டுக்கு நடுவே சேறு புகுந்து துரு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக் காற்றில் ஓடுகிற வண்டி என்றால் துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரித்துத் துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட்டும், கட்டை அச்சோடு பிடிக்கிற புது யூ போல்ட்டும் போட்டு மாட்டினால் வண்டி வேறு வண்டியாக ஓடும். பழைய என்ஜின் ஆயிலை மேலிருந்து ஊற்றுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. புழுதி ஒட்டி உப்புத்தாள் போல அரைக்கும், ரப்பர் புஷ்ஷும் ஊறிக் கெடும்.

நிஜமாகவே பிளேட் இறங்கிவிட்டது என்றால் இரண்டு பக்கமும் முழு செட்டாக மாற்றுங்கள். உங்கள் வண்டியின் சுமைக்கு உரிய அளவில், இரண்டாவது பிளேட் மெயின் பிளேட்டின் கண்ணை (நுனியில் உள்ள வளையம்) சுற்றி வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெயின் உடைந்தாலும் அச்சை அது பிடித்துக்கொள்ளும். எப்போதாவது மட்டும் லோடு ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது ஹெல்பர் பிளேட். காலியாக இருக்கும்போது இடைவெளி விட்டுச் சும்மா இருக்கும், லோடு ஏறித் தாழ்ந்தால்தான் சுமையை வாங்கும். நடுவில் கனமாகவும் நுனியில் மெலிந்தும் இருக்கிற பாரபோலிக் பிளேட்டும் நல்லதுதான். உரசல் குறைவு, எடை குறைவு, சேற்றில் நன்றாக இளகும். ஆனால் உரசல் குறைவதால் துள்ளலை அடக்குகிற வேலை பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் தலையில் விழும். நல்ல ஷாக்குக்குக் காசு எடுத்து வைக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லோடு ஏற்றத்தான் பிளேட் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டன் தாங்கும் வண்டியில் கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் 25 ஏற்றலாம். பிளேட் சேர்த்து 40 சிப்பம் ஏற்றினால் 1,600 கிலோ. பிளேட் தாங்கும். வீல் பேரிங், அச்சு, சேஸிஸ், டயர், பிரேக் எதுவும் மாறவில்லையே? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். நெல்லில் மிஞ்சுகிற காசுக்கு இது கட்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சேற்றில் ஏறவில்லை என்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மண்ணில் டயர் படுகிற பரப்பு கூடும், களிமண்ணில் பிளேட் செய்யாத வேலையை அது செய்யும். லோடு வண்டியில் ரொம்ப இறக்க வேண்டாம், தார்ச்சாலை ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும். பிளேட் மாற்றிய வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி கொண்டுபோய் யூ போல்ட்டை டைட் வைக்கச் சொல்லுங்கள். பிளேட் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது போல்ட் தளரும், தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சு நகர்ந்து வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக ஓடும். பட்டறைக்காரர் இதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.