‘மக்கும் பிளாஸ்டிக்’ கப் வீட்டு உரத்தொட்டியில் மக்காது

‘கம்போஸ்டபிள்’ என்று அச்சிட்ட கப்பை வீட்டு உரத்தொட்டியில் போட்டால் சில வாரங்களில் உரமாகிவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

இத்தகைய கப்கள் பல பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற தாவரவழிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது மக்க 58 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வாரக்கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். பெரிய உர ஆலையில் அது முடியும். வீட்டுத் தொட்டி சூடேறினாலும் சில நாளில் ஆறிவிடும். அதனால்தான் உரத்தைச் சலிக்கும்போது கப்பின் விளிம்பு அப்படியே சல்லடையில் நிற்கிறது.

லேபிளிலேயே சரிபார்க்கலாம். ஐஎஸ்ஓ 17088 அல்லது இஎன் 13432 என்ற தர எண் மட்டும் இருந்தால், அது உர ஆலைக்கானது. வீட்டு உரத்துக்கான ஏஎஸ் 5810 என்ற தர எண் இருந்தால் வீட்டிலும் மக்கும். அதையும் நறுக்கிப் போடுவது நல்லது. பெட் பாட்டில்களோடும் பிஎல்ஏவைச் சேர்க்காதீர்கள், மறுசுழற்சி கெடும். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.