கையில் ஒரே ஒரு காயின்

போன ஞாயிற்றுக்கிழமை என் பையன் போனில் ‘முஸ்தஃபா’ வீடியோ கேமை ஆடி முடித்தான். எட்டு ஸ்டேஜும் ஒரே உட்காரலில். “இவ்வளவுதானாப்பா? இதுக்கா இவ்வளவு பில்டப்?” என்றான்.

சுருக்கென்றது. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அந்தக் கடைசி ஸ்டேஜை நான் சொந்தக் காசில் பார்த்ததே இல்லை.

கேமின் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993-இல் விட்டது. நான்கு பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆடலாம். மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தஃபாவுக்குத்தான் வேகம் அதிகம், ஓடிவந்து எட்டி உதைப்பான். அதனால் எங்கள் ஏரியாவில் கேமுக்கே அவன் பேர்தான். டைனோசரை யாரும் கண்டுகொண்டதில்லை, பாவம்.

சென்னை ஓட்டேரியில் ஒரு சைக்கிள் கடையை ஒட்டி இருந்தது நாங்கள் அதை ஆடிய வீடியோ கேம் கடை. ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். உள்ளே காயின் போட்டு ஆடுகிற நான்கு கேம் பெட்டி, ஒரு டேபிள் ஃபேன். ஒரு காயின் ஒரு ரூபாய். புரசைவாக்கத்திலிருந்து 29சி ஏறாமல் நடந்து வந்தால் பஸ் காசு மிச்சமாகும். ஜாய்ஸ்டிக்கின் உருண்டை எப்போதோ கழன்று தொலைந்துபோய், வெறும் கம்பியில் சைக்கிள் ட்யூப்பைச் சுற்றி வைத்திருப்பார் கடைக்கார அண்ணா. ஆடி முடித்தால் உள்ளங்கை கறுத்திருக்கும். அடிக்கிற பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால் நகத்தால் நெம்ப வேண்டும், அதற்குள் இங்கே நம் ஆள் செத்திருப்பான்.

மூலையில் ஒரு பழைய பேக்மேன் பெட்டி, பேய்களிடம் சிக்காமல் பாதையெல்லாம் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடுகிற கேம். அணைத்து வைத்திருந்தாலும் திரையில் அந்தப் பாதைகள் மங்கலாகத் தெரியும், அத்தனை வருஷம் ஒரே படம் ஓடி பிக்சர் ட்யூப்பில் தழும்பாகிவிட்டது. ஒரு அண்ணன் மட்டும் அதில் அரைமணி நேரம் ஒரே காயினில் நிற்பார். எங்களுக்கு அது மந்திரம். 1980-இல் தோரு இவாதானி அதைச் செய்தபோது நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் வைத்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சிவப்பு நேராகத் துரத்தும், பிங்க் நமக்கு நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நாம் அச்சுப் பிசகாமல் அதே வழியில் போனால் அவையும் அதே வழியில் வரும். அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்திருந்தார்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பழைய கேம் என்றாலே “அந்தக் கிராஃபிக்ஸ், அந்த மியூசிக்” என்று உருகுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராஃபிக்ஸ் சுமார்தான். கேமைக் கேமாக வைத்திருந்தது அந்த ஒரு ரூபாய். இரண்டு மூன்று நிமிஷத்தில் நம்மைச் சாகடித்து அடுத்த காயினைப் பிடுங்கத்தான் அதைச் செய்தார்கள், ஆனால் செத்தவனுக்கு “இன்னும் கொஞ்சம் கவனமா ஆடியிருக்கலாம்” என்று தோன்றவும் வேண்டும். பழைய பெட்டி கேமைப் போனில் ஓட்டிக் காட்டுகிற எமுலேட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் காயின் கொட்டுகிறது. சாவுக்கு விலை இல்லையென்றால் அப்புறம் அங்கே என்ன இருக்கிறது?

மால்களின் கேம் சென்டரில் கார்டு தேய்ப்பதும் இதே கதைதான். ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றிக் கொடுக்கிறார்கள், ஒரு தேய்ப்புக்கு எவ்வளவு போனது என்று பையனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தக் கடையைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. பீடிப் புகை இருக்கும். பெரிய பையன்கள் காயினைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. என் தங்கை வாசலில் நின்று “அம்மா கூப்டறாங்க” என்று கத்துவாள், அவ்வளவுதான் அவளுக்கு அனுமதி. அவளுக்கு இந்த ஏக்கமெல்லாம் துளியும் இல்லை. நியாயம்தான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். “மூணே காயின், அதுக்கு மேல தொடக்கூடாது” என்று போனைக் கொடுத்தேன். மூன்றும் இரண்டாவது ஸ்டேஜிலேயே போய்விட்டது. முறைத்தான். நான் வாங்கி ஒரே காயினில் ஆட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோள்மேல் அவன் மோவாய்.

“அப்பா, பின்னாடி ஒருத்தன் வரான்! குதி, குதி! ஐயோ, சாப்பாட்டை எடுப்பா முதல்ல!”