பெனின் முந்திரியில் பணம் போட நினைப்பவர்களுக்கு

மேற்கு ஆப்பிரிக்காவில் நிலம் மலிவு, முந்திரித் தோப்பு வாங்கிப் போடலாம் என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெனினைப் பொறுத்தவரை அந்தப் பேச்சை நம்பிக் காசை இறக்காதீர்கள். கிராமப்புற நிலத்தை வெளிநாட்டவர் சொந்தமாக்கிக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருவதில்லை, குத்தகைதான். கன்று நட்டால் காய்ப்புக்கு மூன்று வருடம், முழு மகசூலுக்கு ஏழெட்டு வருடம். பெனினின் வடபகுதி நகரமான பராக்கூ பக்கத்துச் சிறு விவசாயிகள் மரம் வளர்ப்பதை நன்றாகவே செய்கிறார்கள். பணமும் கைத்திறனும் போதாமல் இருப்பது கொட்டை பொறுக்கிய பிறகு நடக்கும் வேலைகளில்.

2024 ஏப்ரல் 1 முதல் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியை பெனின் தடை செய்தது. அதற்கு முன் பெரும்பகுதி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும்தான் கப்பலேறியது. ஆகவே என் கருத்து: சேமிப்புக் கிடங்கு, உடைப்பு ஆலை இரண்டில்தான் முதலீட்டுக்கு இடம் இருக்கிறது. பண்ருட்டிக்காரர்களுக்கு இந்தத் தொழில் புதிதல்ல.

கொள்முதலில்தான் பலர் கவிழ்கிறார்கள். மூட்டைகளின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து ஒரு கிலோ மாதிரி வையுங்கள். ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சொத்தை என்று பிரியுங்கள். நல்ல பருப்பின் எடையோடு புள்ளிப் பருப்பின் எடையில் பாதியைக் கூட்டி, அந்தக் கிராம் கணக்கை 0.1764 ஆல் பெருக்கினால் அவுட்டர்ன் வரும். அதாவது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்ற கணக்கு. 272 கிராம் தேறினால் 48. ஒரு பவுண்டு குறைந்தாலும் டன்னுக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல் பருப்பு போயிற்று. ஏஜென்டுக்கு எடைக்கு மட்டும் கமிஷன் கொடுத்தால் மரத்திலிருந்து பச்சையாக உலுக்கிய கொட்டையும் மூட்டைக்குள் வந்துவிடும். அவுட்டர்னைப் பார்த்துக் கமிஷன் கொடுங்கள்.

வெயிலில் இரண்டு மூன்று நாள் காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தோட்டில் தடம் விழாத நிலை வர வேண்டும். ஈரம் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சணல் சாக்கு, அடியில் மரப்பலகை, சுவரிலிருந்து இடைவெளி. பிளாஸ்டிக் சாக்கில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் மழை தொடங்குகிற நாடு என்பதை மறக்க வேண்டாம்.

ஆலையில் லாபத்தைத் தீர்மானிப்பது முழுப்பருப்பின் விகிதம். வேகவைத்த கொட்டையைச் சூடாறவிடாமல் அவசரப்பட்டு உடைத்தால் குருணைதான் மிஞ்சும். அளவுவாரியாகச் சலிக்காமல் இயந்திரத்தில் விட்டாலும் அப்படியே. புதிய ஆட்கள் கை பழக மாதங்கள் ஆகும். அந்தச் சம்பளத்தைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள், ஆட்களைக் குறை சொல்லாதீர்கள்.

ஏற்றுமதி நின்றதால் விவசாயிக்கு வாங்க வரும் ஆட்கள் குறைகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே பேரம் பேசுபவருக்கு அடுத்த வருடம் நல்ல கொட்டை கிடைக்காது. அது எல்லை தாண்டி டோகோவுக்கும் நைஜீரியாவுக்கும் போய்விடும்.

கடைசியாகப் பணம். இயந்திர விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். ஒரு வருடத்துக்கான கொட்டையைப் பிப்ரவரியிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்குள் வாங்கி முடிக்க வேண்டும். நாளுக்கு 10 டன், 300 நாள் என்றால் 3,000 டன். கிலோ 500 சி.எஃப்.ஏ. பிராங்க் (பெனினின் நாணயம்) என்று வைத்துக்கொண்டாலும் 150 கோடி பிராங்க், ஏறக்குறைய 23 லட்சம் யூரோ. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டது, பருப்பு விற்பதோ டாலரில். டாலர் சரிந்தால் அடி நேராக உங்களுக்கு. ஜனவரிக்குள் நடைமுறை மூலதனம் கைக்கு வராவிட்டால் அந்த வருடம் ஆலையைத் திறக்காமல் இருப்பதே மேல்.