எண்ணிக்கைக்காக எழுதப்படும் தலைப்புகள்

கருத்தடை என்றாலே நம் இலங்கை ஊடகங்களுக்கு எந்த இனம் கூடுகிறது, எது குறைகிறது என்ற இனக்கணக்கு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதனால் கெட்டுப்போவது பெண்களின் உடம்பு.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் கிடந்த மாக்கட்டியை, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று முகநூலில் பரப்பினார்கள். கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். சோற்றோடு விழுங்கினால் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை. அது வெறும் மா என்று அரச பகுப்பாய்வு முடிவு வருவதற்குள் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவும் எரிந்துவிட்டது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2019 மே மாதம், நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு ஒரு முஸ்லிம் வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று திவயின என்ற சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அடுத்த ஓரிரு நாளில் குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். மயக்க மருந்து கொடுப்பவர், தாதிமார் என்று இத்தனை பேர் நிற்கிற சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நாலாயிரம் தடவை யார் கண்ணிலும் படாமல் எப்படிச் செய்வது? ஆதாரம் இல்லை என்று சிஐடி (குற்றப் புலனாய்வுத் திணைக்களம்) நீதிமன்றத்தில் சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிங்களப் பத்திரிகையின் வேலை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. திருமலை (திருகோணமலை) எந்த இனமும் பாதியைத் தொடாத மாவட்டம். தேர்தல் வந்தால் தமிழ்ப் பக்கங்களிலும் 'நம் சனம் குறையுது, கூடப் பிள்ளை பெறுங்கள்' என்று தொடங்கிவிடுவார்கள். எழுதுவது பெரும்பாலும் ஆண்கள். நாலாவது பிள்ளைக்குப் பால்மா வாங்க அவர்கள் வரமாட்டார்கள்.

உப்புவெளிப் பக்கம் ஒரு கிளினிக் வாங்கில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்த அக்கா வாட்ஸ்அப் குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். "மூன்று மாத ஊசி போட்டால் பிறகு பிள்ளையே தங்காதாம் தங்கச்சி." அந்தப் பிள்ளை கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டது. அந்தக் கருத்தடை ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் பிந்தலாம், அவ்வளவுதான். இதைச் சொல்ல மிட்வைப் (மருத்துவமாது) உள்ளேதான் இருந்தார்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013இல் கிளிநொச்சி வேரவில் பக்கம், சரியாக விளக்காமல் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி வைத்ததாக முறைப்பாடு எழுந்தது. அப்போதும் 'இனத்தை அழிக்கிறார்கள்' என்ற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண்களிடம் என்ன சொல்லிக் கையை நீட்டச் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடமிருந்ததா என்று விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

திருமலைச் செய்திப் பக்கம் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: வாரத்தில் ஒருநாள் ஒரு மிட்வைப் அக்காவை நேரலையில் இருத்துங்கள். கருப்பைக்குள் வைக்கும் லூப், ஊசி, குச்சி எது எப்படி வேலை செய்யும், எதை மறுக்கலாம் என்று நம் பேச்சிலேயே சொல்லட்டும். கணவன்மாரும் கேள்வி கேட்கட்டும்.