மூன்று மாத வேலை

என் தங்கை மகனுக்குக் கூலிம் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. எலக்ட்ரிக்கல் டிப்ளோமா. கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. போகமாட்டேன் என்கிறான்.

நேற்று இரவு வேலைக்குக் கிளம்பும்போது வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னான். “பெரியம்மா, மோட்டாருக்கு மாசம் 290 வெள்ளி கட்டணும். இன்னும் நாலு வருஷம் இருக்கு. நான் படிக்கப் போயிட்டா யாரு கட்டுறது? அப்பாவா?” மோட்டார் சைக்கிள் அவன் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாங்கும்போது இவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. பேக்டரி பஸ் சந்தியில் ஹாரன் அடித்ததும் எழுந்து ஓடிவிட்டான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். இங்கே கெடாவில் பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கம், எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

யுனிவர்சிட்டியா, வேலையா என்று பட்டிமன்றம் வைக்கிறோம். தன்முனைப்பு முகாமில் மைக் பிடித்துப் பேசுகிறோம். ஆனால் நம் ஊரில் எந்த வீட்டிலும் அப்பா அம்மா பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பேசி முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. முடிவு தானாக நடந்துவிடுகிறது. கடைசிப் பேப்பர் எழுதிய அடுத்த வாரமே, “ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா ஏன் இருக்கணும், மூணு மாசம் வேலைக்குப் போயிட்டு வாடா” என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். பையன் போகிறான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, இரண்டாவதில் போன், மூன்றாவதில் ஒய்-15 மோட்டாருக்கு முன்பணம். ரிசல்ட் வரும்போது கையில் கடன் இருக்கிறது. பிறகு யார் வந்து என்ன ஆலோசனை சொன்னாலும் அது காதில் ஏறாது.

நானும் அப்படித்தான் போனேன். 1996இல் எஸ்பிஎம் எழுதினேன். அந்த வருடம்தான் கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டையைத் திறந்தார்கள். அக்கம்பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் பஸ் வர ஆரம்பித்தது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அப்பாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. இருந்த லயத்து வீடு கம்பெனி வீடு, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கையில் ஒரு காணி நிலம் கிடையாது. எனக்குக் கீழே மூன்று பேர். ஆறாம் படிவத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். “ஒரு வருஷம் வேலை செய்யி, அப்பறம் பாப்போம்” என்றார். அந்தக் கடிதம் தோட்டத்தை விட்டு வெளியேறும் வரைக்கும் அங்கேயே இருந்தது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தோட்டத்து ஜனங்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று பட்டணத்தில் இருப்பவர்கள் சுலபமாகப் பேசிவிடுகிறார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஒரே ராத்திரியில் வேலையும் கூரையும் போனதைப் பார்த்த தலைமுறை அது. அதனால்தான் 1960இல், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தாத்தா தன் கூலியிலிருந்து பணம் கட்டிப் பங்கு வாங்கினார். அந்த மனிதர்களுக்கு நாளைய டிப்ளோமாவைவிட இந்த மாதக் கூலி பெரிது. அது நியாயமான கணக்கு. எங்கள் வீட்டில் நான் வேலைக்குப் போனதால்தான் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடிந்தது, கடைசித் தங்கை படிக்க முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த “ஒரு வருஷம்” என்றைக்கு முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பேக்டரியில் என்னை வயர் பாண்டிங் மெஷினில் போட்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் மெஷின். நான்கைந்து வருடத்தில் அதன் சத்தத்தை வைத்தே முனை தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். டிப்ளோமா முடித்த பிள்ளைகள் டெக்னீஷியனாகச் சேர்ந்தால் முதல் மாதம் என் பக்கத்தில்தான் நிற்க வைப்பார்கள். நான் கற்றுக்கொடுப்பேன். “அக்கா, இது ஏன் இப்படி ஆகுது?” என்று கேட்பார்கள், நல்ல பிள்ளைகள். இரண்டு வருடத்தில் அவர்களே எனக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுப்பார்கள். பதவி உயர்வுக்கு மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும் ஒரே பதில். வேலை நன்றாகத் தெரிகிறது, ஆனால் அந்த கிரேடுக்குச் சான்றிதழ் வேண்டும்.

அப்படியே பதினெட்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு மலாய்க்கார சூப்பர்வைசர் அக்காதான் பிபிடி என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். வேலை அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி, மீண்டும் வகுப்பில் உட்காராமல், எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கும் வழி அது. நான் செய்த வேலைகளை எழுதி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கி ஒரு தடித்த கோப்பு தயார் செய்தேன். மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்டார். அடுத்த வருடம் டெக்னீஷியன் ஆனேன். அதே மெஷின், அதே கை. சம்பளம்தான் வேறு. இப்போது கேள்விப்படுகிறேன், 21 வயதுக்கு மேல் ஆனவர்கள் எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வு இல்லாமலேயே வேலை அனுபவத்தைக் காட்டி டிகிரி படிப்பில் சேர ஏபெல் என்ற வழியும் இருக்கிறதாம். வேலைக்குப் போய்விட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த இரண்டு பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் யுனிவர்சிட்டிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பெண், கல்லூரி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து பேசிய பேச்சை நம்பி, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். மூன்று வருடம் படித்தாள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, இன்று கைபேசிக் கடையில் நிற்கிறாள், கடன் அப்படியே நிற்கிறது. ஏஜெண்ட் லேப்டாப் இலவசம் என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படிப்பு, படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் எம்கியூஏ பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று என் மனதை அறுக்கிறது. கோவில் மண்டபத்தில் வருடா வருடம் பரிசளிப்பு நடத்துகிறோம். பத்து ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை, கேடயம், காசு. அந்தப் பிள்ளைக்கு வழி தானாகத் திறக்கும். பத்து ஏ எடுத்தால் எந்த இனமாக இருந்தாலும் யுனிவர்சிட்டிக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் என்று 2024இல் பிரதமரே அறிவித்துவிட்டார். மூன்று பாடத்தில் மட்டும் கிரெடிட் எடுத்துவிட்டுப் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் யார் பேசுகிறோம்? டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க மூன்று கிரெடிட் போதும் என்று அவனுக்கு யாராவது சொன்னோமா? அதுவும் இல்லையென்றால் எஸ்கேஎம் இருக்கிறது. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. தமிழன் பெயர் தாங்கிய அந்த வாசலில் நம் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டாமா?

பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரிசல்ட் வந்து, யூபியு என்ற அரசாங்க உயர்கல்வி விண்ணப்பம் போட்டு, அதற்குப் பதிலும் வரும்வரை பிள்ளைக்காக எந்தத் தவணைக் கடனிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலைக்கு அனுப்புங்கள், அதில் தப்பில்லை. வேலை பையனுக்கு நேரத்தைக் கற்றுக்கொடுக்கும், காசின் அருமையைக் கற்றுக்கொடுக்கும். சம்பளத்தைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் அவசியம் என்றால் பழைய கப்சாய் ஒன்று போதும்.

அந்தக் கணக்கை நேற்று ராத்திரி நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இப்போது அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. அதுவும் 2025 பிப்ரவரியில் அரசாங்கம் ஏற்றியதால் வந்தது. ஓட்டி என்ற மிகைநேர வேலையும் சேர்த்துத் தங்கை மகன் இரண்டாயிரத்துக்கு மேல் பார்க்கிறான். பதினெட்டு வயதில் அது பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் போலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குப் படிப்புக் கட்டணம் 200 வெள்ளி. அவன் மோட்டாருக்கு ஒரு மாதம் கட்டுவது 290. இதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஒரு மாதத் தவணையில் அரை வருடப் படிப்பு அடங்கிவிடுகிறது. அந்தப் பேக்டரியில் அவனுக்குச் சம்பளம் மளமளவென்று ஏறாது. எனக்கு எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும்.

காலையில் தங்கையிடமும் மச்சானிடமும் பேசிவிட்டேன். தவணையில் பாதியை நான் கட்டுகிறேன். மீதியை அவன் சனி ஞாயிறு வேலை செய்து கட்டட்டும். பிடிபிடிஎன் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும். போலிடெக்னிக் கூலிமில்தான் இருக்கிறது, அந்த மோட்டாரிலேயே தினமும் போய் வரலாம். மச்சான் ஒன்றும் பேசாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “கடிதம் எங்கம்மா வச்சே?” என்று தங்கையைக் கேட்டார். அவள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

உறுதிப்படுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். பையன் இப்போது இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிறான், இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து நான் கோவில் மண்டபத்தில் இருப்பேன். கணினியும் இணையமும் இருக்கும். எஸ்பிஎம் எழுதிய பிள்ளை எத்தனை கிரெடிட் எடுத்திருந்தாலும் சரி, ரிசல்ட் தாளையும் ஐசி அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரவு வேலை முடித்து நேராக வந்தாலும் பரவாயில்லை, பசியாற ஏதாவது செய்து வைக்கிறேன்.