டச் டவுனை எண்ணாதீர்கள், பந்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வந்தால் போதும், எங்கள் லீகின் வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்ளும். நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாவது வருடம் அலுவலகத்தில் ஓர் அண்ணன் இழுத்துவிட்ட ஃபேன்டஸி ஃபுட்பால், இப்போது பதினோரு வருடம் ஆகிறது. அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களை நம் கற்பனை அணிக்கு எடுத்து, வாரா வாரம் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கிற விளையாட்டு இது. இந்த வருடம் புதிதாக இரண்டு தம்பிகள் சேர்ந்திருக்கிறார்கள். "முதல் ரவுண்டில் யாரை எடுக்கலாம்ணா?" என்று இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். போனில் ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, அதனால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ட்ரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று. அங்கே ஒரே கோலியை லட்சம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பன்னிரண்டு பேர் கொண்ட லீகில் ஒரு வீரர் ஒருவருக்குத்தான். நான் எடுத்துவிட்டால் உங்களுக்குக் கிடையாது. வரிசையாக எடுப்போம், பன்னிரண்டாவது ஆள் எடுத்ததும் வரிசை அப்படியே திரும்பி வரும், பாம்பு வளைவது போல. கடைசி இடத்தில் இருப்பவருக்கு 12, 13 இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும், முதல் இடத்துக்காரர் ஒன்றை எடுத்துவிட்டு 24 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இது நல்ல வீரரைக் கண்டுபிடிக்கும் போட்டி மட்டும் இல்லை, அவரை எந்த நேரத்தில் எடுப்பது என்கிற போட்டியும்கூட.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் மேல்தான் கை வைப்பார்கள். டிவியில் எப்போதும் தெரிகிற முகம் அது. இந்தப் பழக்கம் ஆட்டத்தோடு கூடவே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் 1962-இல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து இதன் விதிகளை எழுதினார், 1963-இல் ஓக்லண்டில் முதல் ட்ராஃப்ட் (வீரர்களை வரிசையாக எடுப்பது) நடந்தது, முதலில் எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா, குவார்ட்டர்பேக். அன்றைக்கு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) மாதிரி ஸ்கோர் ஆனதுக்கு மட்டும்தான் கணக்கு. விதிகள் எத்தனையோ மாறிவிட்டன, ஆனால் நம் கண் இன்னும் அந்த டச் டவுனிலேயே நிற்கிறது. என் வருத்தம் அதுதான்.

குவார்ட்டர்பேக்கை ஏன் சீக்கிரம் எடுக்க வேண்டாம் என்கிறேன்? அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், அப்படியானால் வாரா வாரம் ஏறக்குறைய 32 பேர் அந்த இடத்தில் முழு ஆட்டமும் ஆடுகிறார்கள். நம் லீகுக்குத் தேவை பன்னிரண்டு பேர். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் என்றால் ஆளுக்கு இரண்டு, இருபத்து நான்கு பேர் வேண்டும், பெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம். அங்கே பாதி அணிகள் ஒரே ஆளிடம் வேலையைக் கொடுப்பதில்லை, இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: முதலிடத்துக் குவார்ட்டர்பேக் சீசனில் 380 புள்ளி, பன்னிரண்டாமவர் 290. முதலிடத்து ரன்னிங் பேக் 330, இருபத்து நான்காமவர் 170. 380 பெரிய எண்தான், ஆனால் அவரை எடுத்து நீங்கள் கடைசி ஆளுக்குக் கிடைப்பவரைவிட அதிகமாகப் பெறுவது 90, ரன்னிங் பேக்கில் அதுவே 160. நாம் வாங்குவது புள்ளியை இல்லை, அந்த இடைவெளியை. இதை மட்டும் புரிந்துகொண்டு மேசைக்கு வந்தாலே பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். எதிரிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டிலும் இதே கணக்குதான், மேலே ஒன்றிரண்டு பேர், அவர்களை விட்டால் பெரிய பள்ளம். 2016 முதல் 2022 வரை ஏழு சீசன் தொடர்ந்து ஆயிரம் யார்டைத் தாண்டிய டிராவிஸ் கெல்சியை அத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் எடுத்தது அதனால்தான், அது சரியும்கூட.

சரி, இடைவெளி புரிந்தது. ஒரு வீரரை எப்படி எடை போடுவது?

பெரும்பாலானவர்கள் போன வருடப் புள்ளிப் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு அதே வரிசையில் போகிறார்கள். எங்கள் லீகும் பி.பி.ஆர். லீக், ஒரு பந்தைப் பிடித்தாலே ஒரு புள்ளி, பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச் டவுனுக்கு ஆறு. இதில் டச் டவுன் என்பது ரொம்பத் தாவுகிற சமாச்சாரம். பந்து ஒரு யார்டு கோட்டில் நிற்கும்போது கோச் ஓடச் சொன்னாரா, எறியச் சொன்னாரா, எறிந்தது இவருக்கா பக்கத்தில் இருந்தவருக்கா என்பதிலேயே ஆறு புள்ளி இடம் மாறிவிடும். ஒருவரை நோக்கி எத்தனை தடவை பந்து எறியப்படுகிறது என்பதோ, அதாவது டார்கெட், அவ்வளவு சுலபத்தில் மாறாது. கோச்சும் குவார்ட்டர்பேக்கும் அவரை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதன் அளவு அது.

2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் அந்த சீசனில் 122 பந்து பிடித்து 1,964 யார்டு எடுத்தார், ஒரே சீசனில் எடுத்த யார்டில் இன்றும் அதுதான் சாதனை. டச் டவுன் எத்தனை? வெறும் ஐந்து. அதே வருடம் கிரீன் பேயின் ஜேம்ஸ் ஜோன்ஸ் 64 பந்து, 784 யார்டு, ஆனால் 14 டச் டவுன், லீகிலேயே அதிகம். அடுத்த வருடம் என்ன ஆனது? ஜோன்ஸ் 817 யார்டு எடுத்தார், முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் அதிகமே, ஆனால் டச் டவுன் 14-இலிருந்து 3-க்கு வந்துவிட்டது. ஜான்சனுக்கு 5 இருந்தது 12 ஆனது. ஜோன்ஸ் மோசமாகிவிடவும் இல்லை, ஜான்சன் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவும் இல்லை. எண் தன் இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பாடம் ராம்ஸ் அணியின் கூப்பர் கப் என்ற வீரர். 2020-இல் அவருக்கு 92 பந்து, 974 யார்டு, 3 டச் டவுன். பட்டியலில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், மூன்று டச் டவுன்காரரை யார் முதல் இரண்டு ரவுண்டில் எடுப்பார்கள்? ஆனால் 92 பந்து என்பது சாதாரணம் இல்லை, ஒரு நல்ல குவார்ட்டர்பேக் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டிய எண் அது. 2021-இல் ராம்ஸ் அணிக்கு மேத்யூ ஸ்டாஃபோர்ட் வந்தார். கப் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச் டவுன், மூன்றிலும் லீகில் முதலிடம். பந்து பிடித்த கணக்கை மட்டும் பி.பி.ஆரில் போட்டால் 435 புள்ளிக்கு மேல், முந்தைய வருடம் அதே கணக்கில் 207. அவரை நடு ரவுண்டில் எடுத்தவர்கள் எத்தனையோ லீகுகளில் கோப்பையைத் தூக்கினார்கள்.

சீசன் தொடங்கிய பிறகும் இதே கண்தான் வேண்டும். 2023-இல் கப்புக்குத் தொடைத் தசையில் காயம், அவர் இடத்தில் புக்கா நக்குவா, என்.எஃப்.எல். ட்ராஃப்டில் 177-ஆவதாக எடுக்கப்பட்ட புதுப் பையன். முதல் வாரம் சியாட்டிலுக்கு எதிராக 15 டார்கெட், 10 பந்து, 119 யார்டு. டச் டவுன் இல்லை. யாரும் எடுக்காமல் மிஞ்சிய வீரர்களை ஏலம் கேட்கும் வேய்வரில் அவருக்காக எங்கள் லீகில் மூன்று பேர்தான் பணம் கட்டினோம், மற்றவர்கள் அந்த வாரம் இரண்டு டச் டவுன் போட்ட யாரையோ தேடிப் போனார்கள். இரண்டாவது வாரம் இவருக்கு 20 டார்கெட், 15 பந்து. சீசன் முடிவில் 105 பந்து, 1,486 யார்டு, புதுமுகங்களில் அன்றைய தேதிக்கு இரண்டுமே சாதனை. முதல் வாரமே அந்த 15 என்ற எண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அப்புறம் குவார்ட்டர்பேக்கின் கால்கள். எறிந்து போடும் டச் டவுனுக்கு நான்குதான், 25 யார்டு எறிந்தால்தான் ஒரு புள்ளி. ஓடினால் பத்து யார்டுக்கே ஒன்று. 2019-இல் லாமார் ஜாக்சன் ஓடி மட்டும் 1,206 யார்டு, அதாவது 120 புள்ளி, முப்பது டச் டவுன் எறிந்ததற்குச் சமம். அந்த வருடம் அவர் பெரும்பாலான லீகுகளில் நடு ரவுண்டுகள் தாண்டியும் கிடைத்தார். அதற்கு முந்தைய வருடம் 50 டச் டவுன் எறிந்த மஹோம்ஸும் அப்படித்தான் தாமதமாகப் போனார். முதல் ரவுண்டைக் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லும்போது இவர்கள் இருவரும்தான் மனதில் இருக்கிறார்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பதைத் தொட்ட ரன்னிங் பேக்கை எடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, பொதுவில் நல்ல விதிதான். ஆனால் டெரிக் ஹென்றி 2024-இல் முப்பது வயதில் பால்டிமோருக்குப் போய் 1,921 யார்டு ஓடினார். அதே வருடம் சாக்வான் பார்க்லி நியூயார்க் ஜெயண்ட்ஸிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போய் 2,005. (இங்கே என் அலுவலகத்தில் பாதிப் பேர் ஜெயண்ட்ஸ் ரசிகர்கள், அந்த வருடம் மதியச் சாப்பாட்டு மேசையில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவே மாட்டார்கள்.) ஆள் அதே ஆள்தான், புகுந்த வீடு மாறியது. முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர்கள் யார், கூட ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் இருக்கிறாரா, அந்த அணி ஓடவே விரும்புகிறதா என்று பார்க்காமல் வயதை மட்டும் பார்த்தவர்கள் ஹென்றியை விட்டுவிட்டார்கள்.

ஜீரோ ஆர்.பி. என்ற உத்தியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். முதல் நான்கைந்து ரவுண்டுக்கு ரன்னிங் பேக்கே தொடாமல், எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களாகச் சேர்ப்பது, பிறகு யாருக்காவது காயம் பட்டால் அந்த இடத்துக்கு வருகிறவரைப் பிடிப்பது. அதன் அடிப்படை எனக்குப் பிடிக்கும். 2024-இல் எல்லாப் பட்டியலிலும் முதலிடம் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, கணுக்காலுக்கு மேலே தசைநார் பிரச்சினை, பிறகு முழங்கால் காயம் என்று ஆடியது நான்கே ஆட்டம். முதல் வாரம் அவருக்குப் பதில் வந்த ஜோர்டன் மேசன் 28 தடவை பந்தை வாங்கி 147 யார்டு ஓடினார். காயம்பட்டவரின் வேலை காற்றில் போவதில்லை, பக்கத்தில் நிற்பவர் கைக்கு வருகிறது. இதை நம்புகிறேன். ஆனால் இதையே சத்தியம் போல எடுத்துக்கொண்டு, ஹென்றி இரண்டாவது ரவுண்டில் கண்ணெதிரே நிற்கும்போதும் "இல்லை, நான் ஜீரோ ஆர்.பி." என்று தாண்டிப் போவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மேசையில் மற்ற பதினோரு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் உத்தி பிறக்க வேண்டும். எல்லோரும் ரிசீவர் பக்கம் ஓடினால் நான் ரன்னிங் பேக் பக்கம் போவேன், அங்கே நல்ல ஆள் மலிவாகக் கிடைப்பார்.

இந்த வருடம் எனக்கு ஒன்பதாவது இடம். 9, 16, 33, 40 என்று என் முறை வரும். 16-க்கும் 33-க்கும் நடுவில் பதினாறு பேர் போய்விடுவார்கள், ஆகவே 16-இல் உட்கார்ந்து நான் யோசிக்க வேண்டியது "இப்போது யார் சிறந்தவர்" என்பதை இல்லை, "33-இல் எந்த இடத்துக்கு ஆளே மிஞ்ச மாட்டார்" என்பதை. தம்பிகள் இருவரிடமும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தாங்கள் எடுக்க நினைக்கிற நாற்பது பேரின் பெயரை எழுதி, பக்கத்தில் டார்கெட்டோ ஓட்டமோ போன வருடம் ஆட்டத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும், அதற்குப் பக்கத்தில் அணியிலும் கோச்சிலும் குவார்ட்டர்பேக்கிலும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி. டச் டவுனுக்கு அந்தத் தாளில் இடம் வேண்டாம் என்றேன். கிக்கரையும் (பந்தை உதைப்பவர்) டிஃபென்ஸையும் (ஓர் அணியின் மொத்தத் தடுப்பாட்டம்) கடைசி இரண்டு ரவுண்டுக்கு முன்னால் தொடவும் வேண்டாம், அந்த இடங்களில் பெரிய ரன்னிங் பேக்குகளுக்கு அடுத்து நிற்கிறவர்களை எடுத்து பெஞ்சில் வையுங்கள். ஒரு தம்பி நேற்று இரவே தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான், நாற்பதுக்கு ஐம்பத்து மூன்று பெயர்.